திரிந்தது எங்கே? மனிதன் நல்லவனா, கெட்டவனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் திண்ணையில் பத்துப் பேர் கூடி ஏதாவது ஒரு நூலைப் படிப்போம். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், இரண்டு விவசாயிகள் வருவார்கள், நெல் மண்டி வைத்திருப்பவர் ஒருவர் வருவார். எந்த நூலை எடுத்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்: மனுஷன் அடிப்படையில் நல்லவனா, கெட்டவனா? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். மனிதன் பிறவியில் நல்லவனா, கெட்டவனா?

ஒரே சொல்லில் சொல்கிறேன்: திரிதல்.

பால் திரிந்துவிட்டது என்று வீட்டில் சொல்வோம். பால் கெட்டதாகவே கறந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. பாத்திரம் சரியாகக் கழுவவில்லை, வெயில் அதிகம், காய்ச்சத் தாமதமாகிவிட்டது என்று காரணம் தேடுவோம். நம் பழைய புலவர்கள் மனித மனத்தைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் சொல் அடிக்கடி வருகிறது. வள்ளுவர் நீரை வைத்துச் சொல்கிறார், கம்பர் கைகேயியின் சிந்தையை வைத்துச் சொல்கிறார், இளங்கோ நிலத்தை வைத்துச் சொல்கிறார். 'இவன் யார்' என்பதைவிட 'இவன் எந்த இடத்தில், எதனால் திரிந்தான்' என்று பார்ப்பதில்தான் அவர்களுக்கு அக்கறை என்பது என் வாசிப்பு. இதற்கு இடிக்கிற இடங்களும் உண்டு. அவற்றையும் கீழே மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

நிலம் திரிவது என்றால்?

சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதை. கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகளும் புகார் நகரிலிருந்து காவிரிக் கரையோடு மேற்கே நடந்து, உறையூர் வந்து, மதுரை வழியில் இறங்குகிறார்கள். மாங்காட்டு மறையவர் ஒருவர் எதிர்ப்படுகிறார். போகும் வழி எப்படி இருக்கும் என்று அவர் சொல்லும்போது வருகிற அடிகள் இவை:

"முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்"

பாலைக்கு என்று தனி நிலம் கிடையாது. காடும் மலையும் வெயிலில் தம் இயல்பை இழந்து எடுக்கிற உருவம்தான் பாலை. மழை வந்தால் அதே இடம் மறுபடி முல்லை. சித்திரை மாதம் எங்கள் ஊர்ப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இது பாடம் நடத்தாமலே புரியும். கரையிலிருந்து கரை வரை மணல், நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆனி பிறந்து தண்ணீர் வந்துவிட்டால் அது வேறு ஆறு.

இதற்கு முந்தின அடிகளைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். நிலம் எப்படித் திரிகிறதாம்? "கோத்தொழி லாளரொடு கொற்றவன் கோடி / வேத்தியல் இழந்த வியனிலம் போல." அதிகாரிகளும் அரசனும் கோணிப்போனால் நாடு எப்படிப் பாழாகுமோ அப்படி. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் கோவலன். இன்னும் சில நாளில் ஒரு பொற்கொல்லனின் பேச்சைக் கேட்டு ஓர் அரசன் கோணப்போகிறான், அதில் சாகப்போகிறவனும் இவன்தான். இளங்கோ இதை வேண்டுமென்றே இங்கே வைத்தார் என்றே நினைக்கிறேன்.

வள்ளுவர் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும் ஆதாரம் எடுக்கலாம். அதனால்தான் பட்டிமன்றக்காரர்களுக்கு அவர் மேல் அத்தனை பிரியம்.

"நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு / இனத்தியல்ப தாகும் அறிவு" என்பது 452-ஆம் குறள். மழைத் தண்ணீருக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. விழுந்த மண்ணின் குணம் அதற்கு வந்துவிடுகிறது. எங்கள் கூட்டத்து விவசாயி ஒருவருக்கு வேதாரண்யம் பக்கம் சொந்தம். "எங்க ஊரிலே இறைச்சா இனிக்கும், அங்கே இறைச்சா கரிக்கும், பெஞ்ச மழை ஒண்ணுதானே சார்" என்றார். பரிமேலழகர் உரைக்குப் போகாமலே குறள் விளங்கிவிட்டது.

ஆனால் பொருட்பாலின் கடைசி அதிகாரம் கயமை. "மக்களே போல்வர் கயவர்" என்று தொடங்குகிறது. மனிதர் போலவே இருப்பார்களாம், ஆனால் மனிதர் இல்லையாம். இங்கே திரிதல் எல்லாம் காணோம், கயவர் என்று தனி இனத்தையே ஒதுக்கிவிட்டார். எழுபது அதிகாரம் அரசு, அமைச்சு, நட்பு, குடி என்று பொறுமையாகச் சொல்லி வந்த மனிதருக்குக் கடைசியில் அலுப்புத் தட்டிவிட்டது போல. "தேவர் அனையர் கயவர்", ஏனென்றால் இரண்டு பேருமே நினைத்ததைச் செய்கிறவர்கள் என்று கிண்டல் வேறு.

நடைமுறைக்கு எனக்கு உதவுவது 504: குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதியோ அதை வைத்து முடிவு செய். குற்றமே இல்லாத ஆளைத் தேடச் சொல்லவில்லை, பாருங்கள்.

கைகேயி கெட்டவளா?

இந்தக் கேள்விக்குத்தான் கூட்டத்தில் சத்தம் அதிகம். கம்பர் பிறந்த தேரழுந்தூர் எங்களுக்குப் பக்கம், அதனால் ஆளாளுக்கு உரிமையோடு பேசுவார்கள்.

நிகழ்ச்சியை வரிசையாகப் பாருங்கள். இராமனுக்கு முடிசூட்டு என்ற செய்தியைக் கூனி கொண்டுவருகிறாள். இராமனால் உனக்குக் கேடு வரப்போகிறது என்பது போலப் பேச்சைத் தொடங்குகிறாள். கைகேயிக்குப் புரியவே இல்லை. "இராமனைப் பயந்த எற்கு இடர் உண்டோ" என்கிறாள். இராமனைப் பெற்ற எனக்கு என்ன துன்பம் வரும்? பெற்றவள் கோசலை, ஆனால் இவள் வாயில் இயல்பாக வருவது 'நான் பெற்றேன்' என்பதுதான். முடிசூட்டு என்று கேட்டதும் சந்தோஷத்தில் மாலையைக் கழற்றிக் கூனிக்குப் பரிசாகக் கொடுக்கிறாள். கெட்டவள் செய்கிற காரியமா இது?

கூனி விடவில்லை. பேசிப் பேசி, கடைசியில், "தீய மந்தரை இவ்வுரை செப்பலும் தேவி / தூய சிந்தையும் திரிந்தது" என்று எழுதுகிறார் கம்பர். 'தூய' என்ற சொல்லையும் 'திரிந்தது' என்ற சொல்லையும் ஒரே அடிக்குள் வைத்திருக்கிறார். உடனே தேவர்களின் சூழ்ச்சி, முனிவர்களின் தவம் என்று வேறு காரணங்களும் சேர்க்கிறார். பழியை ஒரு பெண் தலையில் மட்டும் இறக்கி வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

சரி, அப்படியானால் கூனி? அவள் தோன்றும்போதே "இன்னல் செய் இராவணன் இழைத்த தீமைபோல்" தோன்றினாள் என்கிறார். தீமையே உருவெடுத்து வந்த மாதிரி. ஆனால் கொஞ்சம் தள்ளி, பண்டைநாள் இராகவன் வில்லிலிருந்து வந்த மண்ணுருண்டை தன் மேல் பட்டதை அவள் நினைத்துக்கொண்டாள் என்று ஒரு குறிப்பு. சிறுவன் விளையாட்டாகக் கூன் முதுகில் அடித்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை, மறக்கவும் இல்லை.

இலக்குவன் கொதித்து எழும்போது இராமன் சொல்கிற பாட்டு எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு மனப்பாடம்: "நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை." ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் ஆறு என்ன செய்யும்? அப்படியே அப்பாவின் பிழையும் இல்லை, வளர்த்த தாயின் பிழையும் இல்லை, பரதன் பிழையும் இல்லை, "விதியின் பிழை". தண்ணீர் வராத ஆண்டுகளில் இந்தப் பாட்டைச் சொல்லித்தான் எங்கள் அப்பா காவிரியை மன்னிப்பார். ஆனால் மண்டிக்காரர் ஒருநாள் கேட்டார்: "நதியின் பிழை இல்லை, சரி. அணை இருக்கிறதே, அதைத் திறக்க ஆள் இருக்கிறாரே?" நல்ல கேள்வி.

கம்பருக்கே அந்தக் கேள்வி இருந்திருக்க வேண்டும். கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு அரசியல் புத்தி சொல்லும்போது இராமன் விதியை இழுக்கவில்லை. எளியவர் என்று இகழ்ந்து யாருக்கும் நோவு செய்யாதே, நான் அப்படி ஒரு தீமை செய்ததால்தான் கூனியால் இந்தத் துயரக் கடலில் விழுந்தேன் என்கிறான். தம்பியைச் சமாதானப்படுத்தும்போது விதி, தனக்குத்தானே கணக்குப் பார்க்கும்போது மண்ணுருண்டை. அவதார புருஷன் வாயிலிருந்து இந்த ஒப்புதலை வாங்கியதற்காகவே கம்பரைக் கும்பிடலாம்.

இராவணன்?

அவனைப் பற்றி மேடைகளில் போதுமான அளவு பேசிவிட்டார்கள். நான் கும்பகர்ணனைப் படிக்கச் சொல்வேன். அண்ணன் செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும், முகத்துக்கு நேரே சொல்லவும் செய்கிறான். வீடணன் வந்து இந்தப் பக்கம் வா என்று கூப்பிடும்போது, "நீர்க்கோல வாழ்வை நச்சி" அறத்தின் பக்கம் வரமாட்டேன், வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுப்பேன் என்கிறான். தண்ணீரில் போட்ட கோலம் போன்ற வாழ்வு! மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற ஊரில் இதற்கு உரை எழுத வேண்டாம். அவன் நன்றி மறக்காதவன். அந்த நன்றியாலேயே தப்பான பக்கம் நின்று செத்தான். நல்லவன், கெட்டவன் என்ற இரண்டு பெட்டியில் எதில் போடுவீர்கள்?

பயம் இருந்தால்தானே மனிதன் ஒழுங்காக இருப்பான்?

புகாரில் அதற்கும் ஏற்பாடு இருந்தது. சிலப்பதிகாரம் இந்திரவிழாவைச் சொல்லும்போது பூதசதுக்கம் என்ற இடம் வருகிறது. போலித் துறவிகள், கள்ள ஒழுக்கம் உள்ளவர்கள், அரசனுக்குத் துரோகம் செய்யும் அமைச்சர்கள், பிறன் மனைவியை விரும்புகிறவர்கள், பொய்ச்சாட்சி சொல்கிறவர்கள், புறம் பேசுகிறவர்கள் எல்லாரையும் பூதம் பாசக் கயிற்றில் பிடித்து அடித்துத் தின்னும். நாலு காதம் கேட்கிற மாதிரிச் சத்தமும் போடும். பட்டியலில் புறம் பேசுகிறவர்களும் இருப்பதைக் கவனியுங்கள். நம் தெருவில் யார் மிஞ்சுவார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் அதே பூதத்தைப் பற்றி அடைக்கலக் காதையில் இன்னொரு சம்பவம் வருகிறது. பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்துவிடுகிறது. அவன் தாய் அழுகிறாள். கோவலன் போய் நின்று, இவனை விட்டுவிட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பூதம் மறுக்கிறது: "நரகன் உயிர்க்கு நல்லுயிர் கொண்டு / பரகதி இழக்கும் பண்பு ஈங்கு இல்லை." அவன் கண் முன்னாலேயே பொய்யனைத் தின்றும்விடுகிறது. கோவலன் அந்தத் தாயோடு வீட்டுக்குப் போய், அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டு காப்பாற்றினானாம்.

கண்ணகியை விட்டுவிட்டு மாதவி வீட்டுக்குப் போனவனும் இதே கோவலன். பூதம் 'நல்லுயிர்' என்று சான்றிதழ் கொடுக்கிறது. கண்ணகியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவார், அவர் சொன்னார்: "ஊருக்கு நல்லவனா இருக்கிறவங்க வீட்டிலே எப்பவும் இப்படித்தான்." நான் மேலே பேசவில்லை.

பசிதான் எல்லாத் தீமைக்கும் காரணமா?

மணிமேகலை கிட்டத்தட்ட அப்படித்தான் நினைக்கிறது. உணவு, உடை, உறைவிடம் இவற்றைத் தவிர அறம் என்று வேறு எதையும் கண்டதில்லை என்று சொல்லிவிடுகிறார் சாத்தனார். அமுதசுரபியோடு சிறைக்குள் போகிற மணிமேகலை, சோறு போட்டுவிட்டு, அரசனிடம் கேட்டு அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள். பூதசதுக்கம் இருந்த அதே புகாரில் நடப்பதாகக் கதை. அடுத்த காதையிலேயே இளவரசன் உதயகுமாரன் வெட்டுப்பட்டுச் சாகிறான், பிறகு மணிமேகலையே காவலுக்குள் போகிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாத்தனார் கனவு காண்கிறவர்தான், ஏமாளி இல்லை.

எனக்குப் பிடித்தது சாதுவன் கதை. புகார்க்காரன். சூதிலும் கணிகை வீட்டிலும் பொருளைத் தொலைத்தவன், ஆதிரையின் கணவன். கப்பல் உடைந்து, மனிதரைத் தின்கிற நாகர்களின் தீவில் ஒதுங்குகிறான். அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைக்கிறான். தலைவன் உபசாரமாகக் கள், ஊன், பெண் எல்லாம் தரச் சொல்கிறான். இவன் வேண்டாம் என்கிறான். இவையெல்லாம் இல்லாமல் எதற்கு வாழ்வது என்று அவன் கேட்க, இவன் அறம் சொல்கிறான். தலைவன் கேட்டுவிட்டு, இத்தனையும் எங்களால் ஆகாது, எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல் என்கிறான். சாதுவன் அளந்து கொடுக்கிறான்: கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதே, மூத்துச் சாகும் விலங்கைத் தவிர மற்ற உயிர்களை விட்டுவிடு. அவ்வளவுதான். அவன் சரி என்கிறான், அதுவரை கப்பல்களிலிருந்து சேர்ந்த பொருளையெல்லாம் எடுத்துக் கொடுத்தும் அனுப்புகிறான்.

திரிந்தவன் ஒருவன் இன்னொருவனைத் திருப்பிய கதை. பாலுக்கு இது நடக்காது. என் உவமை இங்கே உடைகிறது.

குழந்தை அழுவதைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகுமே, அது நல்லியல்பு இல்லையா?

இதே வாதத்தைச் சீனத்து மென்சியஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வைத்தார். கிணற்றில் விழப்போகிற குழந்தையைப் பார்த்தால் எவனுக்கும் நெஞ்சு திடுக்கிடும், அந்தத் திடுக்கிடல்தான் நன்மையின் முளை என்றார். அவரோடு வாதிட்ட ஒருவர், மனித இயல்பு சுழலும் தண்ணீர் மாதிரி, கிழக்கே வெட்டிவிட்டால் கிழக்கே ஓடும், மேற்கே வெட்டிவிட்டால் மேற்கே ஓடும் என்றார். அதற்கு மென்சியஸ், கிழக்கும் மேற்கும் சரி, தண்ணீர் மேடு ஏறுமா? பள்ளம் நோக்கித்தானே போகும்? மனிதன் நன்மை நோக்கிப் போவதும் அப்படித்தான் என்றார். அவருக்குப் பின்னால் வந்த சுன்ட்ஸு இதை ஏற்கவில்லை. மனித இயல்பு கெட்டது, கோணல் மரத்தை ஆவி காட்டி நிமிர்த்துவது போல் பயிற்சியால்தான் நிமிர்த்த வேண்டும் என்பது அவர் கட்சி.

நம்மிடம் கிணற்றுக்குப் பதில் யானை. சோழன் கிள்ளிவளவன், பகைவன் மலையமானின் சின்னப் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போகிறான். புலவர் கோவூர்கிழார் போய் நிற்கிறார் (புறநானூறு 46). முதலில் அரசனுக்கு அவன் குலத்தை நினைவூட்டுகிறார்: புறாவின் துன்பத்தைத் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ. அப்புறம் பிள்ளைகளைக் காட்டுகிறார். புது இடம் பார்த்து மருண்டு அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள். கொல்ல வந்த யானையை வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள்! கடைசியில், "கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே." சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் விருப்பம்.

பிள்ளைகள் பிழைத்தார்கள் என்பது பாட்டின் பழைய குறிப்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த மன்றத்தில் அத்தனை பேர் நின்றிருப்பார்கள். எல்லாரும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். திடுக்கிட்டிருக்கவும் கூடும். வாயைத் திறந்தவர் ஒருவர்.

வெளிநாட்டு நாவல்களில், தனியாக விட்டால் பிள்ளைகளே மிருகமாகிவிடுவதாக வருகிறதே?

வில்லியம் கோல்டிங் 1954-இல் எழுதிய நாவலைச் சொல்கிறீர்கள். தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன்கள் ஒருவரை ஒருவர் வேட்டையாடும் நிலைக்குப் போகிறார்கள். கோல்டிங்கும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான், பையன்கள் மேல் அவருக்கு அப்படி ஓர் அபிப்பிராயம் வந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் 1965-இல் டோங்கா நாட்டுப் பையன்கள் ஆறு பேர் உண்மையாகவே ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டு ஓராண்டுக்கு மேல் இருந்தார்கள். அணையாமல் தீயைக் காத்தார்கள், ஒருவனுக்குக் கால் ஒடிந்தபோது கட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். 1966-இல் மீட்கப்பட்டபோது ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். இதை வைத்து மனிதன் நல்லவன் என்று நிரூபித்துவிட முடியாது. கற்பனைத் தீவை வைத்து அவன் கெட்டவன் என்று நிரூபிக்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

நம் காலத்து எழுத்தில் யாரைப் படிக்கலாம்?

தஞ்சை மண்ணிலேயே தி. ஜானகிராமன் இருக்கிறார். அவருடைய இரண்டு சிறுகதைகளை ஒரே நாளில் அடுத்தடுத்துப் படியுங்கள்.

ஒன்று 'சிலிர்ப்பு'. ரயிலில் அப்பாவோடு போகிற சின்னப் பையன். அவனிடம் ஓர் ஆரஞ்சு. அதை உரிக்கக்கூட விடாமல் பத்திரமாக வைத்திருக்கிறான். அதே பெட்டியில், கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற ஏழைச் சிறுமி ஒருத்தி. இறங்கப் போகும் நேரத்தில் பையன் அந்தப் பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான். யாரும் சொல்லவில்லை, யாரும் பாராட்டுவார்கள் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை. அப்பாவுக்கு உடம்பு சிலிர்க்கிறது. நமக்கும்தான்.

இன்னொன்று 'பாயசம்'. சாமநாது என்ற கிழவர். அண்ணன் மகன் நன்றாக இருக்கிறான், ஊரே கொண்டாடுகிறது, அவன் வீட்டுக் கல்யாணம். கிழவருக்குப் பொறாமை. விருந்துக்குக் காய்ச்சி வைத்த அத்தனை பாயசத்தையும் பாத்திரத்தோடு சாய்த்துவிடுகிறார். பிறகு அதில் ஏதோ விழுந்துவிட்டது என்று ஒரு சாக்கு. சுற்றி இருப்பவர்கள் நம்பி, நல்லவேளை காப்பாற்றினீர்கள் என்கிறார்கள். அவர் மகளுக்கு மட்டும் தெரிகிறது.

முன்பெல்லாம் ஒன்றை நல்லவன் கதை, மற்றதைக் கெட்டவன் கதை என்று வகுப்பில் சொல்வேன். இப்போது வேறு ஒன்றுதான் கண்ணில் படுகிறது. பையனுக்கு ஆரஞ்சைக் கொடுக்கக் காரணம் தேவைப்படவில்லை. சாமநாதுவுக்குக் கவிழ்ப்பதற்கு முன்னால் மனசுக்குள் எத்தனை வாதம், கவிழ்த்த பிறகு எவ்வளவு அவசரமாக ஒரு பொய். தப்பு என்று அவருக்கு உள்ளே தெரியாவிட்டால் சாக்கு எதற்கு?

அப்படியானால் பிறவிக் கயவன் என்று யாருமே இல்லையா?

முத்தநாதனை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பெரியபுராணத்தில், போரில் தோற்றுத் தோற்று, கடைசியில் திருநீறு பூசிச் சடைமுடி கட்டி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு மெய்ப்பொருள் நாயனாரிடம் போகிறான். "மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து" என்கிறார் சேக்கிழார். வெளிச்சம் தருகிற விளக்குக்குள் கரி. குத்துப்பட்ட நாயனார், காவலனைத் தடுத்து, இவர் நம்மவர், ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டும் முத்தநாதன் திரும்பியதாகச் சேக்கிழார் ஒரு வரி எழுதவில்லை.

கீழ்வெண்மணியை வைத்துக்கொண்டு 'திரிதல்' என்று பேசுவது கூசவில்லையா?

ஒரு மாணவி கேட்டது. கூசுகிறது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத் தஞ்சையில், கூலியைக் கூட்டிக் கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தஞ்சம் புகுந்த ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் தலித்துகள். 1973-இல் உயர்நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. மனித இயல்பைப் பற்றிய கேள்வி திண்ணைப் பேச்சு மட்டும் இல்லை, தீர்ப்பாகவும் வரும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இன்ன வகை ஆள் இன்னது செய்யமாட்டான் என்று ஒரு முடிவு முன்னாலேயே இருந்திருக்கிறது.

இந்தச் சம்பவத்தின் பின்னணியில் இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிலச்சுவான்தாரின் கொடூரத்துக்கு அவனுடைய ஆண்மைக் குறையை ஒரு காரணமாகக் காட்டியதற்காக அந்த நாவல் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. கூலியும் சாதியும் நிலமும் செய்த காரியத்தைத் தனி ஆளின் மனக்கோணலாகச் சுருக்கிவிட்டார் என்றார்கள். அந்த விமர்சனம் எனக்கும் சேர்த்துத்தான். எங்கே திரிந்தான் என்று தேடிக்கொண்டே போனால், செய்தவன் மேல் இரக்கம் வந்து, எரிந்தவர்கள் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். இளங்கோவின் அந்த முந்தின இரண்டு அடிகளை மறக்கக்கூடாது: கொற்றவனும் கோத்தொழிலாளரும் கோணினால் நிலமே திரியும். ஒருவன் மனசை மட்டும் தோண்டினால் போதாது.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் எந்தப் பக்கம் எழுதுவது?

எந்தப் பக்கம் மேற்கோள் நன்றாக மனப்பாடமோ அந்தப் பக்கம்.

கடைசியாக, நீங்கள் உங்களை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

ஒரு வருஷம் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கவில்லை. தாமதமாக வந்த தண்ணீரும் முறை வைத்துத்தான் விட்டார்கள். மேல் வயல் இன்னொருவருடையது, கீழ் வயல் என்னுடையது. அன்றைக்கு அவர் முறை. வயல் நிறையக் கட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். என் நாற்று வெளுத்துக்கொண்டிருந்தது. இரவு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் வரப்பை வெட்டினேன். விடிவதற்குள் அடைத்தும் வைத்தேன். திரும்பி நடக்கும்போது மனசுக்குள் நதியின் பிழை, விதியின் பிழை எல்லாம் ஓடியது. நன்றாகப் படித்தவனுக்குச் சாக்குக்குப் பஞ்சமே இல்லை.

காலையில் அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். ஈர மண்ணில் மண்வெட்டி வெட்டின தடம் வெயிலில் பளபளவென்று தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் அதைப் பார்ப்பதையும் பார்த்தார்.

"நண்டு வளை போட்டிருக்கு சார்," என்றார். "ராத்திரி பூரா தண்ணி உங்க பக்கம் எறங்கிடுச்சு. வரப்பெல்லாம் ஓட்டை. நீங்களும் உங்க பக்கம் ஒரு தடவை பாத்துக்குங்க."

"இன்னா செய்தாரை ஒறுத்தல் அவர்நாண" என்ற குறளை நான் எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். அவர் அஞ்சாவதோடு நின்றவர்.

பார்க்கிறேன் என்றேன். அவர் குனிந்து ஒரு கை சேறு அள்ளி, நான் சரியாக அடைக்காத இடத்தில் அப்பினார்.